வயிறு, இடுப்பு, நடை

ஆவணி 2, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கடல் பக்கமிருந்து துளி காற்று இல்லை. மேகம் வந்தது, நின்றது, எண்ணூர் பக்கம் போய்விட்டது.

இன்று அளவு நாள். திடலில் வழக்கம்போல் அளவு வாசல் நட்டார்கள். சவுக்குக் கட்டை இரண்டு, குறுக்கே ஒரு மூங்கில், தரையிலிருந்து நாலடி பத்தங்குலம். தலை மூங்கிலில் படாமல் நுழைந்து வருகிறவன் சின்னப் பிரிவு. பட்டால் பெரிய பிரிவு. எங்கள் பக்கத்துப் பையன்களின் ஹாக்கிப் போட்டிக்கு இதுதான் விதி. வயது கேட்கிற வழக்கமே கிடையாது.

மயிர் பட்டாலும் பட்டதுதான் என்பதால் நேற்றே நாவிதர் கடையில் கூட்டம். ஒன்பது மொட்டை எண்ணினேன். அதில் ஒன்று தாமு, என் மகள் கமலாவின் பையன். அவனுக்குத் தேவையே இல்லை, எல்லாரும் அடித்துக்கொண்டார்கள் என்று இவனும். கரிக்கிடங்குப் பையன்களைக் கூட்டிவரும் மேஸ்திரி ரங்கன் இன்னும் கெட்டிக்காரன். நெட்டைப் பையன்களைக் காலை முழுக்கத் தலையில் மூட்டை சுமக்கவிட்டு, உடம்பு அமுங்கியபின் மாலையில் கொண்டுவந்தான். அரை அங்குலம் குறையுமாம். குறைகிறது. கண்ணால் பார்த்தேன்.

என்னைக் கேட்பவர் இல்லை. இருபது வருஷம் விசில் ஊதியவன். போன வருஷம் முதல் 'ஆலோசகர்'. ஒரு நாற்காலி, ஒரு சோடா.

ரங்கன் கூட்டத்தில் ஒருவன், ஏழுமலை. எல்லாரும் கோலி என்று கூப்பிடுகிறார்கள். அவன் நுழைந்தபோது தலைக்கும் மூங்கிலுக்கும் நடுவே நாலு விரல் இடம். ஆனால் மேலுதட்டில் சவரம் செய்த பச்சை. தோள் துறைமுகக் கூலியின் தோள். அளவு முடிந்து சும்மா ஒரு பந்து அடித்தான். கோலுக்குப் பின்னால் இருந்த தார் பீப்பாய் ஒடுங்கிவிட்டது. பையன்கள் கை தட்டினார்கள்.

"ரங்கா, இவனுக்கு என்ன வயசு?" என்றேன்.

"வயசு இன்னாத்துக்கு நைனா? பொண்ணு குடுக்கப் போறியா?"

எல்லாரும் சிரிப்பு. ஏழுமலையும்.

சீட்டுக் குலுக்கியதில் சின்னப் பிரிவு முதல் ஆட்டம், 13ஆம் தேதி சனி: எங்கள் தெரு, கரிக்கிடங்கு. தாமு முன்வரிசை நடுவில் ஆடுகிறான்.

எல்லாரும் போனபின் பீப்பாயிடம் போய்ப் பார்த்தேன். ஒடுங்கின இடம் தாமுவின் வாய் உயரம்.


ஆவணி 3, புதன்

மிளகாய் மண்டி. அண்ணாச்சி மூட்டைகளுக்கு நடுவில். எனக்கு நாலு தும்மல், அவருக்கு ஒன்றும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோப்பை கொடுப்பவர், கமிட்டித் தலைவர். கெட்டவர் இல்லை. வம்பு என்றால் பயம்.

உயரம் வேறு, வயது வேறு என்றேன். எலும்பு முற்றினவன் அடியும் முற்றாதவன் அடியும் ஒன்றல்ல என்றேன்.

"நீங்க சொல்லுதது புரியுது ஐயா. வயசுக்கு அத்தாட்சி? பள்ளிக்கூடத்துத் தேதி வாத்தியார் இஷ்டத்துக்குப் போட்டது. பாதிப் பயலுவ பள்ளிக்கூடமே போகல. மூங்கில் பொய் சொல்லாதுல்லா?"

"மூங்கில் வயசும் சொல்லாது."

"அப்போ வயசு சொல்லுத மூங்கிலு ஒண்ணு கொண்டாங்க. திங்கக்கிழமை கமிட்டி. பாப்போம்."

விசிலைப் பிடுங்கியதும் இவர்தான். இவர் மைத்துனர் மகன் பந்தை விட்டுக் காலைப் பார்த்து அடித்தான், வெளியே போ என்றேன். அதற்காக. அதே பையன் நாளைக்கு அடித்தாலும் அதையேதான் சொல்வேன்.

வாங்கியது: நல்லெண்ணெய், பென்சில், தாமுவின் காலில் கட்டத் துணி. மறந்தது: உப்பு. கமலா திட்டினாள்.


ஆவணி 4, வியாழன்

பல் துலக்கும்போது தோன்றியது.

1942. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியான சித்திரை மாதம். நான் துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டிக்கொண்டிருந்தேன். கமலா நிறைமாதம். மாட்டுவண்டி பிடித்துப் பொன்னேரிக்கு அனுப்பினேன். தாமு அங்கேதான் பிறந்தான். அந்த நாளை மறந்த தாய் இந்தப் பக்கத்தில் ஒருத்திகூட இருக்கமாட்டாள். பிள்ளை பிறந்த வருஷம் தெரியாதவளுக்கும் அன்று பிள்ளை எங்கே இருந்தது என்பது தெரியும்.

ஆக, ஒரே கேள்வி, மூன்று பதில்.

வயிறு. இப்போது பன்னிரண்டுக்குள்.
இடுப்பு. பதிமூன்று, பதினாலு.
நடை. பதினைந்துக்கு மேல்.

வயிறும் இடுப்பும் சின்னப் பிரிவு. நடந்தவன் பெரிய பிரிவு. மூங்கிலைவிட நேர். எந்தத் தாயும் இதில் பொய் சொல்லமாட்டாள். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை.

படித்தவர்களுக்கு இது தோன்றவில்லை. சாக்குமூட்டையில் ஊர்ப்பெயர் பார்த்து எழுத்துக் கற்றவனுக்குத் தோன்றியது.


ஆவணி 5, வெள்ளி

நேற்றும் இன்றும் அலைச்சல். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு. செருப்பு வார் அறுந்தது. கால் எரிச்சல். நாற்பத்தொரு வீடு முடிந்தது.

காசிமேட்டில் ஒரு அம்மா: "என் இடுப்புல ஒண்ணு, மாமியா இடுப்புல ஒண்ணு. ரெண்டும் ஒரே மாரி அய்துகினு வந்துச்சிங்க. எது இவன்னா எப்டி நைனா சொல்றது?" இரண்டும் இடுப்புதான், கவலையில்லை என்றேன்.

வண்ணாரப்பேட்டையில் தையல்கடை பாய் ஊரைவிட்டே போகவில்லை. "கடைய யாரு பாத்துக்கறது? குண்டு வுழுந்தா வுழட்டும்னு குந்திகினு இருந்தேன்." திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி: "வெள்ளம் வந்துச்சே, அதுக்கு அடுத்த வருஷம், அப்போ இவன் தொட்டில்ல கெடந்தான்." அப்படியானால் வயிற்றுக்காரர்களுக்கும் இளையவன். எழுதிக்கொண்டேன்.

கடைசியாகக் கரிக்கிடங்குக்குப் பின்னால். ஏழுமலையின் தாய் அஞ்சலை. ரயில் தண்டவாளத்தோரம் கரி பொறுக்கி விற்பவள். குடிசை, வாசலில் கூடை. உட்காரப் பலகை போட்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

"காலி பண்ணப்போ நீ எங்கம்மா போனே?"

"புழல் ஏரிக்கரை வரிக்கும் நடை நைனா. வண்டிக்கு எங்க போறது?"

"ஏழுமலை?"

அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. "அவனா? நடந்தான் நைனா! அஞ்சு வயசுக் கொயந்த. தலைல கஞ்சிச் சட்டி. அவுங்க அப்பன் தூக்கிக்கறேன்னுச்சு, உடலியே. ஒரு எடத்துல குந்தல, அய்வல. ராஜா மாரி நடந்தான். அப்போ புடிச்சி சொமந்துகினே கீறான். அத்தாங்காட்டி வளரலியோ இன்னாவோ."

சிரித்தாள். நான் எழுதினேன்: ஏழுமலை, நடை. பதினேழு.

"இன்னா எய்துற நைனா?"

"சும்மா."

"எம்பையன் நடந்தத்த எய்துறியா? எய்து, எய்து."


ஆவணி 7, ஞாயிறு

வெயில். திடலில் போட்ட கரிச்சாம்பல் காய்ந்து இரும்பாகக் கிடக்கிறது. பந்து தரையில் பட்டால் எழும்புகிறது.

பயிற்சியில் ஏழுமலை அடித்த பந்து தண்டையார்பேட்டைப் பையன் ஒருவனின் வாயில். முன்பல் இரண்டு. ஏழுமலையே அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். வாய் கழுவிவிட்டு, சாம்பலில் தேடி ஒரு பல்லைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான். கெட்ட பையன் இல்லை. அதுவல்ல பேச்சு.

தாமுவுக்கு முழங்காலுக்குக் கீழே வீக்கம். வேறு யாரோ அடித்தது. கமலா பார்த்துவிட்டாள்.

"அப்பா, சனிக்கிழமை இவன் வேணாம். ஜுரம்னு சொல்லிடலாம்."

"இவன் ஒருத்தனை நிறுத்தினா மத்தப் பத்துப் பேரு?"

"மத்தப் பத்துப் பேருக்கும் அம்மா இருக்காங்க."

"விதி மாறும். பொறு."

"மாறலேன்னா?"

தாமுவை நிறுத்தினால், பேரனுக்காகத்தான் கிழவன் கத்தினான் என்பார்கள். ஏற்கெனவே ரங்கன் சொல்லிக்கொண்டு திரிகிறான். நிறுத்தமாட்டேன்.

சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டேன். மீன் வீண்.


ஆவணி 8, திங்கள்

கமிட்டி. மண்டி மாடியில். ஏழு பேர், ஒரு விசிறி.

பட்டியலைப் படித்தேன். வயிறு, இடுப்பு, நடை. முதலில் சிரித்தார்கள். பாதியில் நின்றது. ஆளுக்காள் தன் வீட்டுப் பிள்ளை அன்று எங்கே இருந்தது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சியே: "எங்க ரெண்டாவது பய அன்னைக்கு வில்லுவண்டில வாந்தி எடுத்துக்கிட்டே வந்தான். அப்போ இடுப்புதான். சரியாத்தான் வருது."

பல் போன பையனின் தகப்பனார் எழுந்து நின்றார். காகிதத்தில் மடித்த பல்லை மேசைமேல் வைத்தார்.

ரங்கன்: "இத்த பாரு நைனா, கோலி உன் இடுப்பு ஒசரம் கீறான். அவன இட்டுகினு போயி தாடி வச்சவனுங்க நடுவுல உடச் சொல்றியா? உம்பேரன் வாய் சேப்டியா கீணும்னா எம்பையன் மண்ட போனா பரவால்லியா?"

"வயசுக்குத்தான் விதி. ஆளுக்கு இல்லை."

"அவன் அம்மா வாயப் புடுங்கி எய்திகினு வந்துகீற. அது தெரியுமா அந்தம்மாவுக்கு?"

கை தூக்கினார்கள். ஐந்துக்கு இரண்டு. என் விதி நிறைவேறியது. மூங்கில் போயிற்று. எல்லா அணியிலும் சேர்த்து நடந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஏழுமலையோடு நாலு பேர் கரிக்கிடங்கு. எண்ணூர் உப்பளத்துப் பையன்களில் மூன்று. எல்லாரும் பெரிய பிரிவுக்கு.

இருபது வருஷத்தில் இப்படி ஒரு நாள் இல்லை. வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். அவ்வளவுதான்.


ஆவணி 10, புதன்

வானம் மூடிக்கொண்டிருக்கிறது. பெய்யவில்லை. கடல் நிறம் சரியில்லை.

மாலை ஏழுமலை வந்தான். படியேறவில்லை. தெருவிலேயே நின்றான். குளித்திருந்தான், காதோரம் மட்டும் கரி.

"நைனா, அம்மாதான் சொல்லிச்சாமே. நான் நடந்தேன்னு."

"ஆமாம்."

"அது அய்துகினே கீது."

திண்ணையைக் காட்டினேன். வரவில்லை.

"சின்னதுல ஆடி நாலு கோல் போட்டா, அண்ணாச்சி தோஸ்து ஒருத்தரு கீறாரு இல்ல, லேத்துப் பட்டற, அங்க சேத்துக்கறேன்னாரு. மூட்ட தூக்க வோணாம் நைனா. பெரியவனுங்க கூட ஆடினா எனக்குப் பந்தே வராது."

"வயசு வயசுதான்பா. நான் போட்டதில்லை, உன் அம்மா பெத்தது."

"சரி நைனா."

"இந்த வருஷம் ஆடாதே. விட்டுடு."

"பட்டறக்காரு ஞாயித்துக்கெயம வர்றாரு. ஆடணும்."

போய்விட்டான். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

செருப்பு தைக்கக் கொடுத்தது வரவில்லை.


ஆவணி 13, சனி

எங்கள் தெரு 2, கரிக்கிடங்கு 0. தாமு ஒரு கோல். சண்டை இல்லை, ரத்தம் இல்லை. பொடியன்கள் பொடியன்களோடு ஆடினார்கள். பார்க்கவே வேறு ஆட்டம். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னது சரிதான் ஐயா, அடுத்த வருஷம் விசிலு உங்க கையில" என்றார்.

சந்தோஷம்தான். ஏனோ இருப்புக்கொள்ளவில்லை. திடலோரம் ஏழுமலை தனியாக மட்டையைக் கண்ணாடிச் சில்லால் சீவிக்கொண்டிருந்தான். அவன் கைக்கு நீளம் அதிகம். பெரியவர்கள் மட்டை.


ஆவணி 14, ஞாயிறு

நிதானமாக எழுதவேண்டும்.

பெரிய பிரிவு. கரிக்கிடங்கு, பெரம்பூர். மாலை நாலு. பட்டறைக்காரர் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை, குடை. அஞ்சலை கரிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றாள்.

முதல் பாதி முழுக்க ஏழுமலைதான். பெரிய பையன்களின் கால்களுக்கு நடுவே பந்தைக் கொண்டுபோனான். அவனைப் பிடிக்க அவர்களுக்குக் குனியத் தெரியவில்லை. கோலி, கோலி என்று திடலே கத்தியது. பட்டறைக்காரர் அண்ணாச்சியிடம் ஏதோ கேட்டார். விரலால் காட்டினார். இவனைத்தான்.

இரண்டாம் பாதி. பெரம்பூர் பின்வரிசைப் பையன், ஆறடி. பந்தை முன்னே அனுப்ப மட்டையை வீசினான். மட்டை தோளுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. போகவில்லை. அவன் தோளுக்குச் சரியாக நின்றது. ஏழுமலை பந்துக்காக உள்ளே வந்தான். அவன் தோள் இருக்கிற இடத்தில் இவன் தலை.

எனக்கு ஒரு காது மந்தம். விஞ்சுச் சத்தத்தில் போனது. ஆனாலும் கேட்டது.

விசில் ஊதவில்லை. நானாக இருந்தாலும் ஊதியிருக்கமாட்டேன். தவறு இல்லை.

கரி தள்ளும் வண்டியில் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு. ரங்கன் தள்ளினான், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். தலை சின்னது. ஒரு கையில் அடங்கியது. அஞ்சலை பக்கத்தில் ஓடிவந்தாள், சத்தமே இல்லாமல்.

நர்ஸ் அம்மா பேர் கேட்டார். பிறகு, "வயசு?"

அஞ்சலை என்னைக் காட்டினாள். "அவருக்குத்தான் தெரியும் தாயி. அவரு நோட்டுல கீது."

நர்ஸ் அவனைப் பார்த்தார். "பன்னெண்டு வரைக்கும்னா கொழந்தைங்க வார்டு. அம்மா கூடவே இருக்கலாம். அதுக்கு மேலேன்னா ஆம்பளைங்க வார்டு, ஆறு மணிக்கு மேல பொம்பளைங்க இருக்கக்கூடாது. சொல்லுங்க, என்ன வயசு?"

பன்னிரண்டு என்றேன்.

எழுதிக்கொண்டார்.


ஆவணி 15, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. மழை இல்லை. தாமு பள்ளிக்கூடம் போனான்.


ஆவணி 16, செவ்வாய்

வார்டுக்குப் போனேன். சிறிய கட்டில்கள். அதில் கால் இடிக்காமல் படுத்திருக்கிறான். இடது கை, இடது கால் அசைவில்லை. ஒரு கண் திறக்கிறது. பாலை யார் கொடுத்தாலும் வழிந்துவிடுகிறது. அஞ்சலை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் மட்டும் விழுங்குகிறான். கட்டிலுக்குக் கீழே முந்தானையை விரித்துப் படுக்கிறாளாம்.

பிழைப்பானா என்பது இந்த வாரம் தெரியும் என்றார் டாக்டர்.

நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரியவரே, இவனுக்குப் பன்னெண்டா? மீசை முளைக்குதே."

"சில பேருக்கு சீக்கிரம் முளைக்கும்."

நம்பவில்லை. ஆனால் போய்விட்டார்.

அஞ்சலை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "துன்னியா நைனா?" என்று மட்டும்.


ஆவணி 17, புதன்

கரிக்கிடங்கிலிருந்து கமிட்டிக்கு மனு. அஞ்சலை ஆஸ்பத்திரிச் சீட்டைப் படிக்கச் சொல்லி ரங்கனிடம் காட்டியிருக்கிறாள். ஏழுமலை, வயது 12. சர்க்கார் முத்திரை. பன்னிரண்டு வயதுப் பையனைப் பெரிய பிரிவில் தள்ளியது கமிட்டியின் தவறு, வயிறு இடுப்பு நடையெல்லாம் கட்டுக்கதை, நீக்கப்பட்ட பையன்களைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று மனு. எழுதிக்கொடுத்தவன் கையெழுத்து அழகு.

நாளை விசாரணை. நான் வரவேண்டுமாம்.

யோசிக்க ஒன்றுமில்லை. பட்டியல் சரி. எத்தனை தடவை பார்த்தாலும் சரி.


ஆவணி 18, வியாழன்

மண்டி மாடி. அதே ஏழு பேர். இன்று யாரும் விசிறவில்லை.

அண்ணாச்சி சீட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஐயா, ரெண்டுலயும் பேர் ஒண்ணு. வயசு வேற. ரெண்டையும் சொன்னது நீங்கதான். எது நெசம்?"

நோட்டை மூடினேன்.

"நோட்டு நெசம்னா, எம் போட்டியால சர்க்கார் புஸ்தகத்துல பொய் ஏறியிருக்கு. நாளைக்கு அந்தப் பயலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் எங்கிட்டதான் வரும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதித் திருத்திரணும். சீட்டு நெசம்னா உங்க நோட்டு..." முடிக்கவில்லை அவர். நல்ல மனிதர்தான்.

திருத்தினால் இன்று சாயங்காலமே ஆண்கள் வார்டு. ஆறு மணிக்கு அஞ்சலை வெளியே. பால் யார் வைப்பது?

திருத்தாவிட்டால் ஒன்பது பேரும் திரும்பி வருவார்கள். சனிக்கிழமை அரையிறுதி, எங்கள் தெருவுக்கு எதிரே எண்ணூர்.

ரங்கனைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். இந்த மாடியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லவேண்டும் என்று காத்திருந்தார்கள்.

"சீட்டுதான் நிஜம். நோட்டு என் தப்பு."

எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக்கொடுத்தேன்.

பட்டியல் தள்ளுபடி. மீண்டும் மூங்கில். விசில் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும்.

படியிறங்கும்போது ரங்கன் பின்னாலேயே வந்தான்.

"நைனா."

"ஒண்ணும் சொல்லாதே."

"இல்ல. எண்ணூரானுங்க மூணு பேரு. அதுல நடுவுல ஆடறவன் கீறானே, அவனுக்குக் கண்ணாலம் பேசிகினு கீறாங்க. அத்த சொல்லத்தான் வந்தேன். உம்பேரன உஷாரா ஆடச் சொல்லு."

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஏழுமலை, நடை. பதினேழு. என் விதி சரியானது. யார் என்ன சொன்னாலும்.


ஆவணி 19, வெள்ளி

கமலா என்னோடு பேசவில்லை. சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தாமுவைக் கூப்பிட்டேன். நாளைக்கு ஆடவேண்டாம் என்றேன். இந்த வார்த்தை என் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை.

"ஏன்?"

"எதிரே இருக்கறவன் உன் வயசு இல்லை."

"நீதான் தப்புன்னு எழுதிக் குடுத்தியாமே? ஸ்கூல்ல எல்லாரும் சொல்றானுங்க. நீ பொய்க் கணக்கு போட்டு எங்கள ஜெயிக்க வச்சேன்னு."

சொல்ல நினைத்தேன். சொன்னால் நாளைக்குத் திடல் முழுக்கத் தெரியும், நாளன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு. சொல்லவில்லை.

"நான் ஆடுவேன். உனக்குப் பாக்கப் பயமா இருந்தா வராத தாத்தா."

என் மூக்கு, என் நெற்றி, என் பிடிவாதம்.

ஆஸ்பத்திரி: இன்று இரண்டு தடவை விழுங்கினானாம். அம்மா என்றானாம், அல்லது அதுபோல ஏதோ.


ஆவணி 20, சனி

தரைக்காற்று. அனல். திடலில் சாம்பல் பறக்கிறது.

கமலா வரவில்லை. நான் நாற்காலியில் உட்காரவில்லை, கோல் பக்கம் தரையில் இருக்கிறேன். நோட்டு மடியில்.

எண்ணூர்ப் பையன்கள் மூன்று பேரும் மூங்கிலுக்கடியில் நுழைந்து வந்தார்கள். ஒருவனுக்கும் படவில்லை. உப்பு மூட்டை சுமந்த கழுத்துகள். நடுவில் ஆடுகிறவனுக்குக் கன்னத்தில் சவர வெட்டு, இன்று காலையது. அவன் எதிரே தாமு. காலில் துணி கட்டியிருக்கிறானா என்று பார்த்தேன். இல்லை.

பந்தை நடுவில் வைத்தாயிற்று. இருவரும் குனிகிறார்கள். தரையில் ஒரு தட்டு, எதிரியின் மட்டையில் ஒரு தட்டு. இப்படி மூன்று முறை, அதற்குப் பிறகுதான் பந்தைத் தொடலாம்.

ஒன்று.

இரண்டு.